மெல்லிய ஸ்கீ, தோல் சப்பாத்து, பூட்டாத குதி: இதோடு இறக்கத்தில் தெலெமார்க் திருப்பம் வருமா?

மார்கழிப்பூ எழுதியது:

வணக்கம். நான் ஒஸ்லோவில் குறூருட் பக்கம் இருக்கிறேன், முதியோர் இல்லத்தில் வேலை. நோர்வேக்கு வந்து இருபத்திரண்டு வருசம். ஆனால் ஸ்கீயில் கால் வைத்து மூன்று குளிர்காலம்தான். மகனுக்குத் துணையாகத் தொடங்கினேன். இப்போது அவன் வராவிட்டாலும் நான் போகிறேன்.

போன இலையுதிர்காலத்தில் பாடசாலை இசைக்குழு நடத்திய லொப்பெமார்க்கெட்டில் (பழைய சாமான் சந்தையில்) 400 குரோனருக்கு ஒரு பழைய மலை ஸ்கீ வாங்கினேன். நீளம் 200 சென்ரிமீற்றர், ஓரத்தில் உருக்கு விளிம்பு, மூன்று ஆணி பைண்டிங் (சப்பாத்தின் நுனியை மட்டும் ஸ்கீயோடு பிடிக்கும் பூட்டு, குதி பூட்டாமல் எழும்பும்). என் கால் அளவுக்கே ஒரு தோல் சப்பாத்தும் கூட வந்தது. சமதரையில் நன்றாகப் போகிறது. ஏற்றத்திலும் பிரச்சினை இல்லை. இறக்கம்தான் இடிக்கிறது.

போன மாதம் லில்லோசேத்தரிலிருந்து குறூருட் பக்கம் இறங்கி வந்தேன். மேலே வெயில், பனி கொஞ்சம் ஈரம். மரங்களுக்குள் நிழலான ஒரு பள்ளத்தில் நுழைந்ததும் யாரோ பின்னால் இருந்து ஸ்கீயைப் பிடித்து நிறுத்தியது மாதிரி இருந்தது. ஸ்கீ நின்றது, நான் நிற்கவில்லை. முகம் குப்புற விழுந்து உதடு கிழிந்தது. எழும்பிப் பார்த்தால் காலுக்குக் கீழே ஸ்கீயில் கைமொத்தத்துக்குப் பனி ஒட்டியிருந்தது.

இரண்டாவது, தெலெமார்க் திருப்பம். ஒரு முழங்காலை மடித்து, பின்குதியைத் தூக்கி, வளைந்து வளைந்து இறங்குவார்களே, அது. பார்த்த நாளிலிருந்து அதில் ஒரு ஆசை. பாடசாலைக்குப் பின்னால் உள்ள சறுக்குமேட்டில் பத்துப் பதினைந்து தடவை முயன்றேன். முன்கால் திரும்புகிறது. பின்கால் ஸ்கீ தன்பாட்டில் எங்கேயோ போகிறது. முன் ஸ்கீக்கு மேல் ஏறிக் குறுக்கே விழுகிறது, அல்லது நேரே போய்க் காலை விரித்துவிடுகிறது.

கடையில் கேட்டேன். இதை வைத்துக்கொண்டு திருப்ப முடியாது, பிளாஸ்ரிக் சப்பாத்தும் அகலமான ஸ்கீயும் புதிதாக வாங்குங்கள் என்றார்கள். சம்பளத்தில் பாதி போய்விடும். அது உண்மையா? அல்லது நான் செய்வதில்தான் பிழையா? தெரிந்தவர்கள் வடிவாகச் சொல்லுங்கள்.

லீஃபியெல்காரன் எழுதியது:

தங்கச்சி, உதடு ஆறிவிட்டதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் 1987இல் போல்க்ஹொய்ஸ்கூலே என்ற விடுதிப் பாடசாலைக்கு மாணவனாக நோர்வேக்கு வந்தவன். அந்தக் காலத்தில் எங்கள் பெடியன்கள் பலர் அந்த வழியால்தான் வந்தோம். அந்தப் பாடசாலையின் வக்த்மெஸ்தர், அதாவது கட்டடப் பராமரிப்பாளர்தான் எனக்கு ஸ்கீ பழக்கினார். அவரிடம் இருந்ததும் இதே மூன்று ஆணி, இதே தோல் சப்பாத்து. இப்போது தெலெமார்க்கில், பூ ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். லீஃபியெல் மலை வீட்டுக்கு மேலேதான். முப்பத்தைந்து வருசத்துக்கு மேலாக மெல்லிய ஸ்கீயில்தான் இறங்குகிறேன். உங்கள் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

விழுந்ததற்குக் காரணம் ஸ்கீயுமல்ல, நீங்களுமல்ல, மெழுகு. வெயிலில் ஈரப்பனிக்கு ஏற்ற இளகிய மெழுகு பூசியிருந்திருப்பீர்கள். நிழலுக்குள் பனி குளிர்ந்து, உலர்ந்து, கூராக இருக்கும். அந்தத் துணிக்கைகள் இளகிய மெழுகில் குத்தி மாட்டிக்கொள்ளும், அதற்குமேல் மற்றவை ஒட்டும். இங்கே இதை 'ஈசிங்' என்பார்கள். நீண்ட இறக்கத்துக்கு முன் ஒரு நிமிடம் நின்று, காலுக்குக் கீழே உள்ள மெழுகைச் சுரண்டி மெல்லிசாக்கி, தக்கையால் தேய்த்துவிடுங்கள். நான் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சுரண்டியும் தக்கையும் வைத்திருப்பேன். ஏறுவதற்குக் கொஞ்சம் பிடி குறைந்தாலும் பரவாயில்லை.

ஆனால் தெலெமார்க் நிலையின் பயனே அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. குதி பூட்டாத ஸ்கீயில் இரண்டு காலையும் ஒட்டி வைத்து நின்றால், முன்னுக்கு விழாமல் உங்களைத் தாங்க எதுவும் இல்லை. ஒரு காலை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே விட்டால், நிற்கிற இடம் நீளமாகிறது. பனி திடீரென்று பிடித்தால் முன்கால் தாங்கும். அதனால் திருப்பம் பழகுவதற்கு முன்பே, நேராக இறங்கும்போது இந்த நிலையில் நில்லுங்கள். பனி மாறுகிற இடம், நிழல், தடத்தின் குறுக்கே ஓடிய ஒரு மேடு, எல்லாவற்றுக்கும் முன் ஒரு காலைத் தள்ளிவிடுங்கள். தொலைக்காட்சியில் ஹொல்மென்கொல்லன் ஸ்கீ பாய்ச்சலில் தரை தொடும்போது ஒரு கால் முன்னே வைத்து நிற்பார்களே, அது இதுதான். அதற்கும் தெலெமார்க் என்றே பெயர், அதற்குப் புள்ளியும் உண்டு.

இனித் திருப்பம். பின் ஸ்கீ தன்பாட்டில் போகிறது என்றால் பின்காலில் பாரம் இல்லை. படங்களைப் பார்த்துவிட்டு எல்லாரும் பின்முழங்காலைப் பனியில் தொடவைக்கப் பார்ப்பார்கள். அப்போது உடம்பு முழுக்க முன்காலுக்குப் போய்விடும். பின்கால் வெறும் வால் மாதிரி இழுபடும். முழங்கால் கீழே போவது முக்கியமே அல்ல. பின்காலின் சின்னவிரல்தான் முக்கியம். வீட்டில் சப்பாத்தைப் போட்டு, தரையில் ஒரு பாத நீளம் மட்டும் இடைவெளி விட்டு அந்த நிலையில் நில்லுங்கள். இப்போது முன்காலைக் கொஞ்சம் தூக்குங்கள். தூக்க முடிந்தால் பாரம் சரி. தூக்கமுடியாமல் முன்னுக்குச் சாய்ந்தால், பனியிலும் அதேதான் நடக்கிறது. வக்த்மெஸ்தர் என்னை ஒரு கிழமை முழுக்க அவரது பட்டறைக்குள் இப்படித்தான் நிற்கவைத்தார். வெளியே நல்ல பனி, எனக்கு அழுகை வராத குறை. பின்காலின் சின்னவிரல் பக்கத்தில் சப்பாத்துத் தோல் மடிந்து வெளுத்த பிறகுதான் வெளியே விட்டார்.

பிறகு மேட்டில். நேரே இறங்கிக்கொண்டே இடம் வலம் மாற்றி மாற்றி நில்லுங்கள், திரும்பவேண்டாம். அது வந்ததும் ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தைக் கலப்பை மாதிரி விரித்து மெதுவாகத் திரும்பத் தொடங்குங்கள். திருப்பம் தொடங்கிய பிறகு உள்பக்கக் காலைப் பின்னுக்கு இழுத்துச் சின்னவிரலில் அழுத்துங்கள். இரண்டு ஸ்கீயும் சேர்ந்து ஒரே நீள வில்லாக வேண்டும். கைகள் முன்னே, நெஞ்சு பள்ளத்தைப் பார்க்கட்டும். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வராது. எல்லாருக்கும் அப்படித்தான்.

இதற்கு மேல் உங்கள் ஸ்கீயைப் பற்றி ஒரு சந்தேகம். 200 நீளம், உருக்கு விளிம்பு, மூன்று ஆணி என்றதும் எனக்கு ஃபிஷர் ஈ99 தான் நினைவுக்கு வருகிறது. அகலம் முன்னே 66, நடுவே 54, பின்னே 61 மில்லிமீற்றர். அதுவாக இல்லாவிட்டாலும் அந்த வகைதான். இந்த வகை ஸ்கீயின் நடு உயர்ந்து வில்லாக இருக்கும், நடைக்குப் பிடி கொடுக்கிற மெழுகு அந்த வளைவுக்குள்தான் இருக்கும். ஒரு காலில் முழுப் பாரமும் வந்தால்தான் அது தரையில் படியும். தெலெமார்க் திருப்பத்தில் பாரம் இரண்டாகப் பிரிகிறது. உங்கள் எடைக்கு அந்த வில் கூடுதலாக இறுகியிருந்தால், எவ்வளவு சரியாகச் செய்தாலும் ஸ்கீ வளையாது.

ஒரு சோதனை இருக்கிறது. குசினித் தரையில் ஸ்கீயை வைத்து ஏறி நில்லுங்கள். நடுவில் பைண்டிங்குக்குக் கீழே ஒரு துண்டுப் பத்திரிகைத் தாளை மகனை விட்டு இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு காலில் நிற்கும்போது தாள் வழுக்கவேண்டும். ஒற்றைக் காலில் நின்றால் இறுகவேண்டும். ஒற்றைக் காலிலும் தாள் வழுக்கினால் ஸ்கீ உங்களுக்குரியது அல்ல. யாரோ கனமான மனிதருடையது. அப்படியென்றால் ஸ்கீயை மட்டும் மாற்றுங்கள், சப்பாத்தை விடாதீர்கள்.

மூன்று ஆணியின் அருமை அதில்தான். அதற்கு 75 மில்லிமீற்றர் என்று அளவு இருக்கிறது. அந்த அளவுச் சப்பாத்து எந்த மூன்று ஆணி பைண்டிங்கிலும் பொருந்தும், ஐம்பது வருசம் பழையதானாலும். 1927இல் ப்ரோர் வித் என்பவர் செய்த ரொத்தெபெல்லா பைண்டிங்கிலிருந்து வந்த வழி அது. ரொத்தெபெல்லா என்றால் எலிப்பொறி. முன்னால் ஒரு கம்பி விழுந்து சப்பாத்தின் மூக்கைப் பிடிப்பதைப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று விளங்கும்.

இன்னும் இரண்டு சின்ன விசயம். சப்பாத்துக்கு அடியில் மூன்று துளை இருக்கிறதல்லவா, ஏறுமுன் ஒவ்வொரு முறையும் தடியின் நுனியால் அதற்குள் உள்ள பனியைக் குத்தி எடுங்கள். பனி நிறைந்திருந்தால் ஆணி முழுக்க இறங்காது, கம்பி பூட்டினது மாதிரித் தெரியும், இறக்கத்தில் கழன்றுவிடும். அடுத்தது, சப்பாத்து நாடாவைக் கணுக்காலில் இறுக்கியும் விரல் பக்கம் தளர்த்தியும் கட்டுங்கள். குதி படுகிற இடத்தில் பல்லு வைத்த ஒரு தகடு அடித்துக்கொண்டால் குதி பக்கவாட்டில் வழுக்காது. தோல் சப்பாத்துக்குப் பாதி உறுதி அந்தத் தகட்டில் இருக்கிறது.

கடைக்காரர் சொன்னது பற்றி. மோர்கெடால் கிராமம் என் வீட்டிலிருந்து தூரமில்லை. தெலெமார்க் ஸ்கீயின் முன்னோடி சொந்த்ரே நூர்ஹைம் 1825இல் அங்கே பிறந்தவர், நிலம் இல்லாத குடியானவர். முறுக்கிய இளங்கொப்பைக் குதிக்குப் பின்னால் சுற்றிக் கட்டி, நடு ஒடுங்கிய மர ஸ்கீயில் பாய்ந்தார், திரும்பினார். 1868இல் கிறிஸ்தியானியாவுக்கு, அதாவது இன்றைய ஒஸ்லோவுக்கு, வந்து போட்டியில் எல்லாரையும் வாய்பிளக்க வைத்தபோது அவருக்கு 42 வயது. உருக்கு விளிம்பு கிடையாது, பிளாஸ்ரிக் கிடையாது. பிறகு குடும்பத்தோடு அமெரிக்கா போய் வடக்கு டக்கோட்டாவில், மலையே இல்லாத வெளியில், 1897இல் இறந்தார். அங்கேயும் வீட்டுச் சுவரில் ஒரு சோடி ஸ்கீ சாத்தி வைத்திருந்தார் என்று இங்கே சொல்வார்கள். 1952 ஒஸ்லோ ஒலிம்பிக்கின் தீயை அவர் வீட்டு அடுப்பில்தான் ஏற்றினார்கள். அந்த வீட்டுக்குப் போய் அடுப்புக்கு முன் நின்றிருக்கிறேன். சின்னஞ்சிறு வீடு, எங்கள் ஊர்க் குசினியளவு.

தாள் சோதனை செய்துவிட்டு எழுதுங்கள்.

துரொம்சோ பெடியன் எழுதியது:

அண்ணை சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் ஒரு பக்கத்தை அவர் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

நான் 2007க்குப் பிறகு வந்த என்ரிஎன் என்ற புதுவகைத் தெலெமார்க் பைண்டிங்கில், பிளாஸ்ரிக் சப்பாத்தோடு இறங்குபவன். துரொம்சோவைச் சுற்றி உள்ள மலைகள் கடலிலிருந்து நேரே எழும்பும். காற்று அடித்து மேல் ஓடாக இறுகிய பனியில், 30 பாகைக்கு மேல் சரிவில், தோல் சப்பாத்து மடிந்துவிடும். உருக்கு விளிம்பைப் பனிக்குள் இறக்க முடியாது. பிளாஸ்ரிக் வந்த பிறகுதான் அந்தச் சரிவுகள் தெலெமார்க்குக்குத் திறந்தன. கடைக்காரர் அதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அக்கா கேட்பது லில்லோமார்க்கா, குறூருட் பக்கத்துக் காடு. நடை, ஏற்றம், காட்டுப்பாதை இறக்கம். அதற்கு நான் போடுகிற சப்பாத்தைப் போட்டால் பத்துக் கிலோமீற்றர் நடப்பதற்குள் கால் கழன்றுவிடும். ஆக, வாங்கவேண்டாம். ஒரு நாள் மட்டும் லிஃப்ட் உள்ள சரிவில் கனமான தெலெமார்க் சாமானை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஐம்பது திருப்பம் கிடைக்கும். உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும், பிறகு மெல்லிய ஸ்கீக்கு வரலாம். நான் அப்படித்தான் பழகினேன்.

அப்புறம், எந்தச் சாமானோடும் 30 பாகைச் சரிவென்றால் போகுமுன் வார்சொம் இணையத்தளத்தில் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள்.

லீஃபியெல்காரன் எழுதியது:

தம்பி, செங்குத்துச் சரிவில் நீங்கள் சொல்வதுதான் சரி. கௌஸ்தாதொப்பன் மலையில் என் ஸ்கீயோடு நான் மேலிருந்து இறங்கமாட்டேன். வாடகை யோசனையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கனமான சப்பாத்து பிழையை மறைத்துவிடும். முன்காலிலேயே முழுப் பாரத்தையும் போட்டுத் திரும்பினாலும் அது திருப்பிவிடும். தோல் சப்பாத்து திருப்பாது, அங்கேயே விழுத்தும். அதனால் எங்கே பிழை என்று உடனே தெரியும்.

மெல்லிய ஸ்கீக்காரர் பார்க்கவேண்டியது பனியை. சரிவு இரண்டாம் பட்சம். கையுறையைக் கழற்றி ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். தங்கச்சிக்கு இது சொல்லவே தேவையில்லை, புட்டு மா குழைக்கிற கைக்குத் தெரியும். பிடித்தால் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிரவேண்டும். அடியில் உறுதியான தளம், மேலே அப்படி மூன்று நான்கு சென்ரிமீற்றர். அதுதான் எங்களுடைய பனி. பிழிந்தால் தண்ணீர் வருகிறதென்றால் ஸ்கீ ஒட்டும். பிடிபடாமல் கண்ணாடித்தூள் மாதிரிக் கிடந்தால் கலப்பை போட்டு இறங்கி வீட்டுக்கு வாருங்கள். வசந்தத்தில் காலையில் கல்லாக இருக்கும், பதினொரு மணிக்கு மேல் மேற்பரப்பு இளகும், இரண்டு மணிக்குச் சகதி. இடையில் உள்ள அந்த மூன்று மணித்தியாலத்துக்காக நான் ஏப்ரலில் ரயிலேறிப் பின்சேக்குப் போவேன். 1222 மீற்றர் உயரத்தில் நிலையம், வாசலிலேயே ஸ்கீ போடலாம்.

மார்கழிப்பூ எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. உதடு ஆறிவிட்டது அண்ணை.

தாள் சோதனை செய்தேன். மகன் ஆப்தென்போஸ்தன் பத்திரிகையில் ஒரு பக்கத்தைக் கிழித்து வந்தான். இரண்டு காலில் நின்றேன், வழுக்கியது. ஒற்றைக் காலில் நின்றேன், அதே மாதிரி வழுக்கியது. ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நின்ற பிறகுதான் தாள் இறுகியது. என் எடை 53 கிலோ. நான் இவ்வளவு நாளும் என்னிடம்தான் பிழை என்று நினைத்திருந்தேன். தாளை மகன் கையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

மகனின் நண்பனுடைய அம்மா தன் பழைய மலை ஸ்கீயை இரவல் தந்தார். 180 நீளம், மெழுகு தேவையில்லாத, அடியில் செதில் வெட்டிய வகை. அதிலும் மூன்று ஆணி. என் சப்பாத்து அப்படியே பொருந்தியது. இதில் ஒற்றைக் காலில் நின்றதும் தாள் இறுகிவிட்டது.

இரண்டு கிழமை, வேலை முடிந்து வந்து வீட்டு நடைபாதையில் நின்று முன்காலைத் தூக்கிப் பழகினேன். சனிக்கிழமை மேட்டுக்குப் போனேன். முதல் நாள் கொட்டிய பனி, பிடித்தால் பிடிபட்டது, தட்டினால் உதிர்ந்தது. நேரே இறங்கி இடம் வலம் மாற்றினேன். பிறகு கலப்பை, பிறகு இடப்பக்கம். பின்காலின் சின்னவிரலில் அழுத்தினேன். சப்பாத்துக்குள் அந்த விரல் மடிவதை உணர்ந்தேன், அதே கணம் பின் ஸ்கீ பனியைப் பிடித்தது. சத்தம் மாறியது. அதுவரை இரண்டு ஸ்கீயும் தனித்தனியாகச் சரசரத்தன, இப்போது ஒரே சத்தம். திரும்பிப் பார்த்தால் என் பின்னால் ஒரு வளைவு. மூன்று கிடைத்தது, மூன்றும் இடப்பக்கம். வலப்பக்கம் ஒன்றுகூட வரவில்லை.

ஒரு கேள்வி. வலப்பக்கம் திரும்பும்போது, பின்னே போகவேண்டிய வலக்கால் தயங்குகிறது. பல வருசத்துக்கு முன் அந்த முழங்காலில் அடிபட்டது. வலி இல்லை, நம்பிக்கைதான் இல்லை. பழகினால் வருமா?

லீஃபியெல்காரன் எழுதியது:

வரும். அந்த மேட்டிலேயே நேரே மேலிருந்து இறங்காமல், குறுக்காக, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போங்கள். வலக்கால் பின்னே, இடக்கால் முன்னே, முதலிலிருந்தே அந்த நிலையில். போய்க்கொண்டே மேல்பக்கமாக மெல்ல வளைந்து நில்லுங்கள். வேகம் தானாகக் குறைந்துவிடும், முழங்காலுக்குப் பயமும் இருக்காது. அடுத்த முறை தொடக்கத்தைக் கொஞ்சம் பள்ளம் பார்த்து வையுங்கள், அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். பத்தாவது தடவை நீங்கள் நேரே கீழே பார்த்துத் தொடங்கியிருப்பீர்கள்.

முழங்காலில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இரவல் தந்தவரிடம் அந்த ஸ்கீயை விற்பாரா என்று கேட்டுப்பாருங்கள். பழைய 200ஐ விற்காதீர்கள், மகன் வளர்ந்ததும் அவன் பாரத்துக்குச் சரியாக இருக்கும்.